பூவந்தித் தண்ணீரில் தெளிந்த இரத்தம்

அன்புள்ள மகன் அமலனுக்கு,

மாமி படுக்கையில் கிடக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். வழக்கமாக நான் ஒரு செய்தி சொல்வதென்றால் உள்துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டுக்குள் நுழைந்து, வெள்ளைக்கார அட்மிரலோடு ஒரு தேநீர் குடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவேன். அது உனக்கும் தெரியும், இந்தப் பங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். இந்த முறை சுற்ற நேரமில்லை. மாமியின் கால்கள் இரண்டும் வீங்கிப் போயிருக்கின்றன. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு வருகிறது. கண் முழித்தவுடன் உன்னைக் கேட்கிறாள். இது கதையில்லை மகன். நீ வர வேண்டும்.

பங்கின் ஞாயிறு இதழில், கலியாண அறிவித்தலுக்கும் பூசை நேரத்துக்கும் நடுவில், ஒரு மனுஷன் தன் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறானே என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தபால் ஒட்டி அனுப்பினால் நீ நம்ப மாட்டாய், அதற்குக் காரணம் நானே. போன வருஷம் உனக்கு ஒரு தந்தி வந்தது: "மாமி கடுமை, உடன் வரவும்" என்று, கீழே பங்குத் தந்தையின் பெயரோடு. அதைப் பங்குத் தந்தை அனுப்பவில்லை. பெருநாளுக்கு நீ வீட்டில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் அனுப்பினேன். டாக்குத்தர் மாமியின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது, பிரஷரும் இருக்கிறது என்று சொன்னது உண்மை. அந்த உண்மையை நான் கொஞ்சம் ஊதிப் பெருப்பித்தேன். நீ இங்கிலாந்திலிருந்து அழுது கொண்டு விழுந்தடித்து வந்து இறங்கினபோது, மாமி வாசல் படலையடியில் நின்று மீன்காரனோடு விலை பேசிக் கொண்டிருந்தாள். அந்த நேரம் உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அதனால் இந்த முறை சுவாமி உண்மையாகவே தந்தி கொடுத்தும், உண்மையாகவே கடிதம் எழுதியும், நீ அசையவில்லை. உன்னில் பிழை பிடிக்க எனக்கு வாயில்லை.

ஆகவே நான் சுவாமியிடம் போய், அச்சில் போடுங்கள், அச்சில் வந்தால் அவன் நம்புவான் என்று கேட்டேன். "அச்சில உம்மட புளுகு வந்தா நான் பிரசங்கத்துக்கு ஏற ஏலாது, ஓய்," என்றார். "ஒவ்வொரு வரியையும் பார்ப்பன். பொய் கண்ட இடத்தில வெட்டுவன்." சரி என்று ஒப்புக்கொண்டேன். இந்தப் பந்திக்கு முன்னால் அட்மிரலைப் பற்றி நல்ல அழகாக ஒரு பந்தி இருந்தது. அது போய்விட்டது. இதில் மிஞ்சியிருப்பதெல்லாம் வெட்டுக்குத் தப்பியது என்று நினைத்து வாசி.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ஒரு கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஊர் முழுக்கச் சொன்னதை வீட்டு மூலைக்குள் இருந்து திருப்பி எடுக்க முடியாது. எங்கள் தெரு மரியதாசும் மற்றவர்களும் இதை வாசிக்கிறபோது தங்கள் வீட்டுப் போத்தல்களைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

உன்னைப் பெற்றவள் என் அக்கா. உன்னைப் பெற்ற சூடு ஆறுவதற்கு முன்பே அவள் கண்ணை மூடினாள். வெள்ளைக்காரன் டொக்யாட்டை விட்டுப் போன காலத்தில் உன் அப்பா ஒரு கப்பலில் ஏறினவர், எந்தத் துறையில் இறங்கினாரோ தெரியாது. பிள்ளை இல்லாத எங்களிடம் நீ வந்தாய். நீ என்னை மாமா என்றாய், ஊரும் என்னை மாமா என்றது. என் புளுகில் பெரிய சந்தோஷம் வந்தால் "அட்மிரல் மாமா" என்றும் கூப்பிடும். ஆனால் நான் உன்னை ஒரு நாளும் மருமகன் என்று கூப்பிடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், நீ கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாய். அதற்கான விதையை உன் தலைக்குள் போட்டது நான் என்று ஒரு ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அதில் பாதி உண்மை.

சின்ன வயதில் குறிஞ்சாக்கேணிக்கு உன்னைக் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கும். மழை விட்டு, கடலையொட்டின களப்போரத்துப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. மருக்காரைக் காயை இடித்துச் சாக்கில் கட்டி அந்தப் பள்ளத்துக்குள் ஆட்களை விட்டு அலசினார்கள். தண்ணீர் நுரைத்தது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து, வாயைப் பிளந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இறால் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் துள்ளித் திரிந்தது. இறாலுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நீ கேட்டாய். இறாலுக்குப் புத்தி கூட, மூக்கைப் பொத்திக்கொள்ளும் என்று நான் சொன்னேன். நீ நம்பவில்லை. நம்பாமல் விட்டபடியால்தான் நீ படித்தாய் என்று இப்போது நினைக்கிறேன். அந்த மீனை அன்று மத்தியானம் பொரித்துத் தின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இந்த விஷயத்தை நான் மனதில் வைத்துக்கொண்டேன். வாயால் போனால் அந்தச் சாறு ஒன்றும் செய்யாது என்று என் பாட்டில் ஒரு சட்டம் எழுதி வைத்துக்கொண்டேன். படிக்காதவனுக்கு ஒரு முறை கண்ணால் கண்டது போதும், அது சட்டமாகிவிடும்.

போன வருஷம் அந்தப் பொய்த் தந்தியில் வந்த நீ, வந்த கோபத்தில் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குசினி அடுப்படியில் மாமிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு இருந்தாய். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். மாமி தன் தங்கச் சங்கிலியைச் சவுக்காரம்போல் நுரைக்கிற பூவந்திக் கொட்டை ஊறின தண்ணீரில் போட்டுக் கசக்கினாள், கோப்பை முழுக்க நுரை. நீ அந்த நுரையைக் கையில் அள்ளி, "மாமி, நான் அங்க படிக்கிறது இதைத்தான்," என்றாய்.

"இதைப் படிக்கவோ கப்பலேறினனி? என்னட்டைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே," என்றாள் மாமி.

"இதுக்குள்ளயும் அந்த மருக்காரைக் காய்க்குள்ளயும் சப்போனின் எண்டு ஒண்டு இருக்கு மாமி. அதுக்கு ஒரு பக்கம் தண்ணியில விருப்பம், மற்றப் பக்கம் கொழுப்பில விருப்பம்."

"உன்ர மாமாவைப் போல. ஒரு கால் வீட்டில, மற்றக் கால் தேத்தண்ணிக் கடையில."

நீ அன்றுதான் முதல் தரம் சிரித்தாய். நானும் அந்தச் சிரிப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து குந்தினேன். உயிருள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது, ஒவ்வொரு அறைக்கும் கொழுப்பால் ஆன மெல்லிய தோல் உண்டு, அந்தத் தோலில் இந்தச் சாறு என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் உன் வேலை என்றாய். ஆனால் உயிருள்ள தோலில் ஆயிரம் சாமான் கலந்திருக்கும், எது எதைச் செய்கிறது என்று பிடிக்க முடியாது. அதனால் நீங்கள் முட்டை மஞ்சள் கருவிலிருந்து கொழுப்பை எடுத்து, தண்ணீருக்குள் குலுக்கி, வெறும் தோல் குமிழிகள் செய்கிறீர்கள். அவற்றின் உள்ளே சாயத்தை அடைக்கிறீர்கள். ஒரு வகைக் குமிழியில் கொலஸ்ட்ரோல் சேர்க்கிறீர்கள், மற்றதில் சேர்ப்பதில்லை.

"பிறகு ரண்டிலயும் சாற்றை விடுவம், மாமா. கொலஸ்ட்ரோல் இல்லாத குமிழி பெரிசா அசையாது. கொலஸ்ட்ரோல் இருக்கிற குமிழி ஓட்டையாகி, சாயம் வெளியில வந்திடும்."

"அப்ப உந்தச் சாறு கொலஸ்ட்ரோலைத் தின்னுது."

"தின்னுறேல்லை. தேடிப் போய் அதோட சேர்ந்துகொள்ளும். சேர்ந்து கூட்டமா நிண்டு தோலைக் குலைச்சுப்போடும்."

நான் டொக்யாட்டில் வள்ளங்களுக்குக் கலப்பத்து அடித்தவன் என்பதைச் சுவாமி வெட்ட மாட்டார், அது உண்மை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தால்தான் வள்ளம் தண்ணீர் பிடிக்காது. "அப்ப கொலஸ்ட்ரோல் எண்டுறது கலப்பத்து. இந்தச் சாறு பலகையை விட்டிட்டுக் கலப்பத்தில போய்ப் பிடிக்குது," என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "இதை எங்கட பேராசிரியருக்குச் சொல்லப் போறன் மாமா," என்றாய். வந்த நாளிலிருந்து நீ எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் கடற்கரை வீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்தேன். என் மகனும் நானும் சேர்ந்து ஒரு கண்டுபிடிப்புச் செய்திருக்கிறோம் என்று கடைசி முனையில் நின்றவனுக்குச் சொன்னபோது, இங்கிலாந்துப் பேராசிரியர் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டதாகவும் ஆகிவிட்டது.

மாமி அன்று இன்னொரு கேள்வி கேட்டாள், நாங்கள் இரண்டு பேரும் கேட்காதது. "உந்தச் சாறு அவ்வளவு பொல்லாததெண்டா, பூவந்தி மரம் ஏன் சாகேல்லை?" நீ அவளைப் பெருமையோடு பார்த்தாய். மரத்தின் தோலில் கொலஸ்ட்ரோல் என்று பெரிதாக இல்லை, அதற்கு வேறு வகைச் சாமான், அதோடு தன் சாற்றை மரம் புறம்பாக ஒரு பையில் பூட்டி வைத்திருக்கும் என்று நினைக்கிறோம் என்றாய். "அப்ப மரத்துக்குத் தன்ர வாயைப் பூட்டி வைக்கத் தெரியும்," என்று சொல்லி மாமி என்னைப் பார்த்தாள்.

நீ போகிற நாள் காலையில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் வழி. தேத்தண்ணிக் கடையில் பாரந்தூக்கி ஓட்டுகிற மரியதாஸ் என்னைப் பிடித்துக்கொண்டான். "என்ன அட்மிரல், மகன் அங்க சவுக்காரம் காய்ச்சுறானாமே?" கடை சிரித்தது. வா, வந்து பார் என்று சொல்லி அரைவாசித் தெருவை வளவுக்குள் கூட்டி வந்துவிட்டேன். நீ பெட்டி கட்டிக்கொண்டு நின்றாய். உனக்கு விருப்பமில்லை. மாமி, "பாவம், மனுஷன் சொல்லிப்போட்டார். ஏதாவது காட்டு ராசா," என்றாள்.

நீ கேட்டதை வாங்க முஸ்லிம் தெருவில் கனிக் காக்காவின் இறைச்சிக் கடைக்கு ஓடினேன். "ஆட்டு ரத்தமா? எங்கட ஆக்கள் தொடவும் மாட்டம். நீங்க அதை என்ன செய்யப்போறீங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தகரப் பேணியை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார். நீ அதை ஈர்க்குக் கட்டால் அடித்து, உறைகிற நாரை எடுத்து வீசிவிட்டு, உப்புத் தண்ணீரில் கலந்து, இரண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றினாய். இரண்டும் செங்கல் கரைத்ததுபோல் கலங்கல். பின்னால் பத்திரிகைத் தாளைப் பிடித்தாய், ஒரு எழுத்தும் தெரியவில்லை. பிறகு ஒரு குவளைக்குள் பூவந்தித் தண்ணீரைக் கொஞ்சம் விட்டாய். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே கலங்கல் போய், குவளை பெருநாள் சர்பத்துப்போல் பளபளவென்று தெளிந்தது. அதற்குள்ளால் மரியதாஸ் சினிமா விளம்பரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"கடவுளே, ரத்தம் சுத்தமாப் போச்சு," என்று ஒரு கிழவி சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று நான் எல்லாரிடமும் போனேன். நீ ஏதோ சொன்னாய். சுத்தமாகவில்லை, சின்ன அறைகள் எல்லாம் உடைந்து, உள்ளே இருந்த சிவப்பு வெளியே வந்துவிட்டது, அதனால்தான் தெளிவாகத் தெரிகிறது என்று சொன்னாய். நான் கேட்டேன் மகன். காதில் விழுந்தது. என் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு பொருளைக் காட்டப் போனால், இனிமேல் சொல்லிவிட்டுக் காட்டு. காட்டின பிறகு சொல்வதைச் சனம் கேட்பதில்லை. பெரிய படிப்புப் படித்த உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான்.

நீ ரயிலேறின பிறகு எனக்குள் மூன்று விஷயம் ஒன்றோடொன்று கைகோர்த்துக்கொண்டன. மாமியின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூட. பூவந்திச் சாறு கொலஸ்ட்ரோலைத் தேடிப் பிடிக்கும், பிடித்தால் இரத்தம் கண்ணாடிபோல் தெளியும். வாயால் குடித்தால் ஒன்றும் செய்யாது, குறிஞ்சாக்கேணி மீனே சாட்சி. கலப்பத்து என்று சொன்னது நானே. வள்ளத்தின் கலப்பத்தைப் பிடுங்கினால் வள்ளம் சுத்தமாகும் என்று யாராவது டொக்யாட்டில் சொல்லியிருந்தால் அவனைத் தூக்கிக் கடலில் போட்டிருப்போம். அவ்வளவு தெரிந்தவன் பூவந்திக் கொட்டையை அவித்து, வடித்து, ஆற வைத்து, மாமியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அவள் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் என் ஒரு பேச்சையும் அவள் நம்பினதில்லை. நீர்மூழ்கிக் கப்பலின் ஓட்டையை நான் அடைத்த கதையைக் கேட்டால் உள்ளே போய்ச் சட்டி கழுவுவாள். அன்றைக்குக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அமலன் சொன்னவனோ?"

"ஓம்," என்றேன்.

நான் எவ்வளவோ நீளமான பொய்கள் சொல்லியிருக்கிறேன். அவற்றில் கப்பல் இருக்கும், புயல் இருக்கும், வெள்ளைக்காரத் துரை கண்ணீர் விடுவார். ஒன்றையும் அவள் நம்பவில்லை. இந்த ஒரு சொல்லை நம்பினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

அன்றிலிருந்து விடியற் பூசைக்குப் போகுமுன் அது அவளுக்குத் தீர்த்தம்போல் ஆகிவிட்டது. நுரையோடுதான் குடிப்பாள். வயிற்றைப் பிரட்டும், சத்தி எடுப்பாள், வயிற்றாலும் போகும். கழிவு போகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மெலிந்தாள். மெலிந்து வடிவாக வந்துவிட்டீர்கள் என்று கோவிலில் பெண்கள் சொன்னார்கள். டாக்குத்தர் கொடுத்த குளிசைகளை அலுமாரிக்குள் தள்ளிவிட்டாள். "பிள்ளையின்ர மருந்து இருக்க, உதென்னத்துக்கு?" என்றாள். நான் தடுக்கவில்லை. தடுப்பதாவது, இங்கிலாந்து மருந்து என்று போத்தலில் அடைத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தேன். மரியதாஸ் கூட வந்து வாங்கினான். என்னை அட்மிரல் என்று கூப்பிடாமல் மாமா என்று கூப்பிட்டு வாங்கினான். அது எனக்குப் பெரிய பதவி உயர்வு.

இந்த மழைக்காலம் தொடங்கின நேரம் ஒரு நாள் கோவில் படியில் ஏற முடியாமல் அவள் குந்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்குத்தர் சின்னப் பெடியன், உன் வயதிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் கதிரையைத் திருப்பினார். "ஐயா, அந்தச் சாறு இரத்தத்துக்குள்ள போகேல்லை. போயிருந்தா இவ இண்டைக்கு இஞ்ச இருந்திருக்க மாட்டா. குடல் அதை உள்ளுக்கு விடாது. ஆனா குடலைப் புண்ணாக்கி வைச்சிருக்கு. அதைவிட, குளிசையை விட்டதுதான் இதயத்தைக் கெடுத்துப்போட்டுது," என்றார். கொழும்புக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன். அந்த இதயம் பயணத்தைத் தாங்காது என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்கு உண்மையைச் சொன்னேன். அமலன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், இனிக் குடிக்காதே என்றேன். அவள் சிரித்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் இப்ப சொல்லுறதுதான் பொய். டாக்குத்தர் வெருட்டிப்போட்டார். பிள்ளை சொன்னதை நான் விடமாட்டன்." குளிசையைத் தந்தால் தலையணைக்குக் கீழே வைத்தாள். வெறும் தண்ணீரைக் குவளையில் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். "நுரை எங்க?" என்று திருப்பித் தந்தாள். தெருவிலும் அதே கதைதான். போத்தலை ஊற்றிவிடு என்று மரியதாசிடம் சொன்னபோது, "சவுக்காரக் கொம்பனிக்காரன் வந்து பேசிட்டான் போல, அதுதான் எங்களுக்கு ஒளிக்கிறீங்கள்," என்றான். மரியதாஸ், இதை வாசிக்கிறாய் என்றால், கொம்பனிக்காரன் யாரும் வரவில்லை. ஊற்றிவிடு. உன் மனுஷியின் பங்கையும் ஊற்று.

கடைசியில் நான் மறுபடியும் கனிக் காக்காவிடம் போனேன். இம்முறை அவர் ஒன்றும் கேட்காமல் பேணியைக் கையில் தூக்கித் தந்தார். நீ செய்ததுபோலவே செய்தேன். ஈர்க்கால் அடித்து, உப்புத் தண்ணீர் விட்டு, இரண்டு குவளையில் ஊற்றி, ஒன்றுக்குள் மட்டும் அவள் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் விட்டேன். அவள் படுக்கைக்கு நேரே ஜன்னலில் இரண்டையும் வைத்தேன். "பாருங்கோ, எவ்வளவு வடிவாத் தெளிஞ்சிருக்கு," என்றாள். நாளைக்கும் பார் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் கலங்கல் குவளையில் சிவப்பெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தனியே நின்றது. ஒரு கரண்டியால் கலக்கினேன், பழையபடி எழும்பி வந்தது. தெளிந்த குவளை தெளிந்தபடியே நின்றது. அடியில் படிய நீ சொன்ன சின்ன அறை ஒன்றும் அதில் மிஞ்சியிருக்கவில்லை. அதையும் கலக்கினேன். எழும்பி வருவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தால் அவளுக்கு அது கதையாகிவிடும் என்று பயந்தேன். மாமி அந்தக் குவளையை நிறைய நேரம் பார்த்தாள். பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டுக் குளிசைகளை எடுத்து என் கையில் வைத்தாள். "தண்ணி தாங்கோ," என்றாள். "வெறும் தண்ணி."

என்னை ஏசவில்லை, மகன். ஏசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். சட்டி கழுவுகிற சத்தத்தை நான் இந்த வீட்டில் இனிக் கேட்கப் போவதில்லை என்று அப்போது தெரிந்தது. குளிசை இப்போது பிரயோசனமா என்று டாக்குத்தரைக் கேட்டேன். கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். "அமலன் கோவத்தில வராமல் விட்டிடுவானோ?" என்று கேட்டாள். வருவான் என்றேன். "எப்ப?" என்றாள். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. வெளிக்கிட்டுவிட்டான், தந்தி வந்தது என்று சொன்னேன். அவள் என்னை நம்பினாளா தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, "எங்க நிக்கிறான் எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

அன்றிலிருந்து நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். லண்டனில் பனி, விமானம் பிந்திவிட்டது என்று ஒரு நாளை ஓட்டினேன். பம்பாயில் உன் பெட்டி மாறிப் போய்விட்டது, நீ நின்று தேடுகிறாய் என்று இன்னொரு நாளை ஓட்டினேன். அந்தப் பெட்டிக்குள் அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை இருக்கிறது என்றேன். என்ன நிறம் என்று கேட்டாள், நீலம் என்றேன். கட்டுநாயக்காவில் விமானத்தால் இறக்கி, கோட்டை ஸ்டேஷனில் உனக்கு மூலையிருக்கை பிடித்துத் தந்து, மாகோவில் வடை வாங்கித் தந்தேன். கல்லோயாச் சந்தியில் ரயிலை நிற்பாட்டி வைத்திருக்கிறேன். தண்டவாளத்தில் யானை நிற்கிறது என்றேன். அவள் சிரித்தாள். மூச்சு முட்டினாலும் சிரித்தாள். "யானையைக் கலைக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

இதை வாசிக்கிற அயலாருக்கு ஒரு வேண்டுகோள். மாமிக்கு வாசிக்கக் கண் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் யாரும் ரயிலைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அவள் கேட்டால், ஓம், கல்லோயாவில் யானை நிற்கிறதாம் என்று சொல்லுங்கள். மரியதாஸ் நேற்று வந்து அப்படித்தான் சொன்னான். அந்த யானைக்கு ஒரு குட்டியும் இருக்கிறதாம் என்று தன் பங்குக்கும் சேர்த்துவிட்டுப் போனான்.

இந்த இதழ் விமானத் தபாலில் உன் கைக்கு வர ஒரு கிழமைக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை ஒரு யானையை நிற்பாட்டி வைக்க எந்த அட்மிரலாலும் முடியாது. நாளைக்கோ மறுநாளோ ரயில் வெளிக்கிட்டே ஆக வேண்டும். அங்கிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரயில் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து நின்றுவிடும், நீ இறங்க வேண்டும், படலையைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். அந்த இடத்துக்கு என்னிடம் கதை இல்லை மகன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

இதுவரை எழுதினதைச் சுவாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், இந்தக் கடைசிப் பந்தி அதற்குப் பிறகு சேர்த்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் பென்சிலை வைத்தார், பிறகு மாமி நம்பவில்லை என்று எழுதியிருந்தபடியால் விட்டுவிட்டார். ரயில் வந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். இதுவும் பொய்தானே சுவாமி, வெட்டுங்கோ என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கல்லோயாவில இப்ப மழையும் பெய்யுதெண்டு சொல்லும் ஓய்," என்றார். "மழையெண்டா இன்னும் ஒரு நாள் நிற்பாட்டலாம்."

உன் மாமா